ஏழாவது கேள்வி

ஆற்றுக் கரை உடைந்து பதினேழாவது நாள், காலை பதினொரு மணி இருக்கும், நகராட்சியிலிருந்து கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். ரகக்காரி அப்போது வாசற்படியில் உட்கார்ந்து, சேறு காய்ந்து கல்லாகிப்போன செருப்பை ஒரு பழைய ஆணியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். செருப்பு தேறுமா தேறாதா என்பது செருப்புக்கே தெரியாத நிலை. ஆனாலும் கை சும்மா இருந்தால் வயிறு பேச ஆரம்பித்துவிடும் என்று அவள் எதையாவது சுரண்டிக்கொண்டேதான் இருந்தாள்.

ரகக்காரி என்பது அவளுக்குத் தொழில் கொடுத்த பெயர். ஊரின் ஒரே காகித ஆலையில், கழிவுக் காகிதம் பிரிக்கும் கொட்டகையில் பத்தொன்பது வருஷ வேலை. லாரி லாரியாக வந்து கொட்டும் பழைய காகிதக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து, நோட்டுத் தாள் ஒரு பக்கம், செய்தித்தாள் ஒரு பக்கம், மெழுகு பூசியது, மை ஊறியது, கூழுக்கு ஆகாதது என்று பிரித்துப் போட வேண்டும். மற்றவர்கள் கண்ணால் பார்த்துப் பிரிப்பார்கள். இவள் யாரோடாவது வாயாடிக்கொண்டே, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, விரல் நுனியிலேயே ரகம் சொல்லிவிடுவாள். மேஸ்திரி ஒருமுறை சோதித்துப் பார்க்கிறேன் என்று கண்ணைக் கட்டிவிட்டு, கடைசியில் அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

கரை உடைந்த அன்று ஆலைக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. வடிந்தபோது அது போட்டுவிட்டுப் போன சேறு முழங்காலளவு. இயந்திரம் ஓடினால்தான் கூலி. இயந்திரம் எங்கே இருக்கிறது என்றே தேட வேண்டியிருந்தது. முதல் பத்து நாள் பள்ளிக்கூடத்தில் பெரிய பாத்திரங்களில் சமைத்துப் போட்டார்கள். பிறகு பள்ளிக்கூடத்தைத் திறக்க வேண்டும் என்று சமையலை நிறுத்திவிட்டு, ஒரு வண்டியில் ஒலிபெருக்கி கட்டித் தெருத் தெருவாக அறிவித்தார்கள். அவசர உதவித் திட்டம். வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடக்கும். தேவைப்படும் வீடுகளுக்கு ஒரு மாதத்துக்கு அரிசி, மாவு, பருப்பு, எண்ணெய், ஒரு காஸ் சிலிண்டர். பொதுமக்கள் ஒத்துழைக்க வேண்டும்.

ரகக்காரி ஒத்துழைக்கத் தயாராகத்தான் இருந்தாள்.

"அம்மா, நகராட்சியிலேர்ந்து வர்றேன். கணக்கெடுப்பு" என்றாள் அந்தப் பெண். இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். முழங்கால் வரை சேறு. கையில் அட்டை, அட்டையில் படிவம், காதோரம் பேனா.

"வாம்மா, வா. அந்தப் பக்கம் வழுக்கும், இப்படிக் கால் வெச்சு வா. யாரு பெத்த பொண்ணோ, இந்த வெயில்ல இப்படி அலைய விட்டிருக்காங்களே."

"வீட்ல எத்தனை பேரும்மா?"

"மூணு பேரு. நானு, எங்க வீட்டுக்காரரு, அவரோட அக்கா. ஒரே பொண்ணு, கட்டிக் குடுத்தாச்சு. மேட்டுத் தெருல இருக்கா."

தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது, சுவர் விரிசல் உண்டா, யாருக்கு என்ன வேலை, வேலை நின்று எத்தனை நாள், குடிதண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள் என்று ஆறு கேள்வி ஒழுங்காகப் போனது. ரகக்காரியும் உள்ளது உள்ளபடி சொன்னாள். ஏழாவது கேள்வி வந்தபோது அந்தப் பெண் படிவத்தைப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து, பக்கத்து வீட்டுக்காரி கேட்பதுபோல முகமலர்ச்சியோடு கேட்டாள்.

"சாப்பிட்டீங்களாம்மா?"

"ஆச்சும்மா. நீ சாப்பிட்டியா?"

வாய் தானாகச் சொல்லிவிட்டது. வீட்டு வாசலில் வந்து நின்று ஒருவர் சாப்பிட்டீங்களா என்று கேட்டால் ஆச்சு என்பதுதானே பதில்? பிறந்ததிலிருந்து அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறாள். அவள் அம்மா சொன்னாள், அவள் அத்தை சொன்னாள், தெருவே சொல்கிறது. இல்லை என்று சொன்னால் கேட்டவரைச் சோறு போடச் சொல்வதுபோல ஆகாதா?

அதோடாவது விட்டிருக்கலாம். "முகமெல்லாம் வாடிக் கெடக்கு, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போம்மா" என்று உள்ளே போய், டப்பாவின் அடியைத் தட்டி, இருந்த கடைசித் தூளையும் கடைசிச் சர்க்கரையையும் போட்டு டீ வைத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் ஊதி ஊதிக் குடித்தாள். "நல்லா இருக்கும்மா" என்றாள். குடித்துவிட்டுப் படிவத்தில் இரண்டு இடத்தில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

நாலு நாள் கழித்து மஞ்சள் சீட்டு வந்தது. கதவு எண், குடும்பத் தலைவர் பெயர், அதற்குக் கீழே ஒரே வரி: பிரிவு மூன்று, உதவி தேவைப்படவில்லை. மறுபரிசீலனை கோருவோர் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் நேரில் வரவும்.

ரகக்காரிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். இரண்டு முறை படித்துவிட்டு, எதிர்வீட்டுத் தையல்காரியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். தையல்காரிக்குப் பிரிவு ஒன்று கிடைத்திருந்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏழாவது கேள்விக்கு என்ன சொன்னீங்கக்கா?"

"அது என்ன கேள்வி?"

"சாப்பிட்டீங்களான்னு கேட்டாளே!"

"ஆச்சுன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?"

"அதுதான் கேள்வி! அது விசாரிப்பு இல்லக்கா, படிவத்துல இருக்கு. ஆச்சுன்னா வீட்ல சாப்பாடு இருக்குன்னு அர்த்தம். டீ கீ ஏதாவது போட்டுக் குடுத்தீங்களா?"

ரகக்காரி சீட்டை மடிக்கத் தொடங்கினாள்.

"குடுத்துட்டீங்களா! அப்ப எரிபொருளும் இருக்குன்னு குறிச்சிருப்பா. நல்ல ஆளுக்கா நீங்க. நான் அடுப்பு மேல தையல் மெஷின் மூடியத் தூக்கி வெச்சு, பொம்பளப் புள்ளைய அழ விட்டுட்டுல்ல உக்காந்திருந்தேன்."

"பச்சப் புள்ளைய அழ விட்டியா?"

"அது பசியிலதான் அழுதுச்சு. நான் நிறுத்தல, அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது நாத்தனார் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கணவனுக்கு அக்கா, கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் தம்பி வீட்டோடு இருந்துவிட்டவள். அறுபதை நெருங்குகிறாள். சர்க்கரை வியாதி. வாய் மட்டும் சர்க்கரைக்குச் சம்பந்தமே இல்லாதது.

"ஊர்ல எல்லாரும் லஞ்சம் குடுத்து உதவி வாங்குவாங்க. நீதாம்மா டீயக் குடுத்து வேண்டாம்னு எழுதி வாங்கினவ."

"கேலி பண்ணாதீங்க அண்ணி. எனக்கே வயித்தெரிச்சலா இருக்கு."

"எரியறதுக்கு உள்ள ஏதாவது இருந்தாத்தானே?"

சாயங்காலம் பாய்லர்காரர் வந்தார். அவர்தான் அவள் கணவன். இருபத்தாறு வருஷமாக ஆலையின் பெரிய கொதிகலனுக்குத் தீ போடுகிறவர். இப்போது கூலியில்லாமல் தினமும் போய்வந்துகொண்டிருந்தார். கொதிகலனுக்குள் நூற்றுக்கணக்கில் குழாய்கள். ஒவ்வொன்றிலும் சேறு அடைத்துக் காய்ந்துவிட்டது. நீளக் கம்பியால் குத்திக் குத்தி எடுத்துக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் துரு தின்றுவிடும். துரு தின்றால் ஆலை திறக்க ஆறு மாதம் ஆகும். அதனால் ஏழெட்டு ஆட்கள் யாரும் சொல்லாமலே போய்க் குத்திக்கொண்டிருந்தார்கள். அவர் வீட்டுக்குள் வரும்போது கண் இமையிலும் சேறு இருந்தது.

சீட்டைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை.

"போகட்டும் விடு" என்றார்.

"என்னங்க போகட்டும்? மாவு மூணு டம்ளருக்கு மேல இல்ல."

"அங்க போய் நின்னு, ஐயா நாங்க சாப்பிடல, எங்களுக்குப் போடுங்கன்னு கேக்கச் சொல்றியா? எங்கூட வேலை செய்யறவன் அத்தனை பேரும் அந்த வரிசையில நிப்பான்."

"அவங்களும் அதுக்குத்தானே நிப்பாங்க?"

"நிக்கட்டும். நான் நிக்க மாட்டேன். எனக்கு ஒண்ணும் பசிக்கல. உள்ள வேலை செஞ்சா பசியே தெரியறதில்ல." சொல்லிவிட்டு இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தார். ஒரு காலத்தில் ஆலை உணவகத்தில் அவர் உட்கார்ந்தால் பரிமாறுகிறவன் பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போவான். அந்த மனிதர் இப்போது கஞ்சி வைத்த தட்டைத் தன் அக்காவின் பக்கம் தள்ளிவிட்டு, போதும் என்றார்.

இருட்டும் முன்பு மகள் போன் செய்தாள். தினமும் செய்வாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சும்மா. அப்பா?"

"அவருக்கென்ன, மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுட்டுப் படுத்திருக்காரு. உங்க மாமியார் என்ன பண்றாங்க?"

"உள்ள இருக்காங்க."

"சரி, வெச்சிடு. சார்ஜ் போயிடும்."

மகளைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. மேட்டுத் தெருவில் தண்ணீர் ஏறவில்லை. சம்பந்தி ஆலையின் எடைமேடையில் கணக்கர், மாதச் சம்பளக்காரர். மருமகன் ஆலை லாரி ஓட்டுகிறான். மேசை நாற்காலி உள்ள வீடு. சம்பந்தியம்மாதான் கொஞ்சம் அப்படி இப்படி. பெண் பார்க்க வந்த அன்று இந்த வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லா காத்தோட்டமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவில்லாத இரண்டு ஜன்னலைத்தான் சொல்லிக்காட்டுகிறாள் என்று ரகக்காரி அதை மூன்று வருஷமாக மனதில் வைத்துப் பொருமிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் எது குறைந்தாலும் சாப்பாடு குறையாது, அந்த அம்மாள் கெட்டி என்பது அவள் நம்பிக்கை. அதில் ஒரு எரிச்சலும் இருந்தது, நிம்மதியும் இருந்தது.

வியாழக்கிழமை மாவு தீர்ந்தது. வெள்ளிக்கிழமை காலை நாத்தனார் பல் துலக்கிவிட்டு எழுந்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். உடம்பெல்லாம் வேர்வை. கை நடுங்கியது. ரகக்காரி பதறிப்போய்த் தையல்காரியிடமிருந்து ஒரு கை சர்க்கரை வாங்கிவந்து தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றினாள். பத்து நிமிஷத்தில் கண் தெளிந்தது.

"மாத்திரை போட்டீங்களா அண்ணி?"

"நேத்து போட்டேன். போட்டுட்டு ஒண்ணும் சாப்பிடலேன்னா இப்படித்தான் இழுக்கும்னு டாக்டர் சொன்னாரு. அதான் மூணு நாளா போடாம இருந்தேன். நேத்து தலை சுத்துச்சேன்னு போட்டுப் பாத்தேன்."

"மூணு நாளா போடலையா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணுவ? டீ போட்டுக் குடுப்பியா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நாத்தனார் கண்ணயரும் வரை கூட இருந்துவிட்டு, மதியம்போல ரகக்காரி எழுந்து முகம் கழுவினாள். இருக்கிறதில் நல்ல புடவையைக் கட்டினாள். பிறகு, நல்ல புடவை கட்டிக்கொண்டு போய் சாப்பிடவில்லை என்றால் யார் நம்புவார்கள் என்று தோன்றி அதை அவிழ்த்துவிட்டுப் பழையதைக் கட்டினாள். பிறகு, பழையதைக் கட்டிக்கொண்டு ஊர் நடுவே எப்படிப் போவது என்று மறுபடி நல்லதையே எடுத்தாள். மஞ்சள் சீட்டை நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

"எங்க போற?" என்றார் பாய்லர்காரர். அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க போகாத இடத்துக்கு."

அவர் தடுக்கவில்லை.

நகராட்சிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு நீளக் கூடம். அதில் ஏழு கவுண்டர்கள். மூன்றாவது கவுண்டருக்கு மேலே, கை நீளத்துக்கு ஒரு எழுத்தாக, "வெள்ள அவசர உதவி – மறுபரிசீலனை" என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். வரிசை கூடத்தைத் தாண்டிப் படிக்கட்டு வரை வந்திருந்தது. எல்லோர் கையிலும் மஞ்சள் சீட்டு இருந்திருக்க வேண்டும், ஆனால் ஒருவர் கையிலும் தெரியவில்லை. பைக்குள், மடிக்குள், மணிக்கட்டோடு சுருட்டிய கைக்குட்டைக்குள். ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ரகக்காரி போய் நின்றாள். ஒரு மணி நேரத்தில் கூடத்துக்குள் வந்தாள். அதுவரை தரையையே பார்த்து வந்தவள் அப்போதுதான் முன்னால் நிற்கிற முதுகை அடையாளம் கண்டாள். வெள்ளைக் கரை போட்ட நீலப் புடவை. அள்ளி முடிந்த கொண்டை. சம்பந்தியம்மா.

நழுவிவிடலாமா என்று பின்னால் பார்த்தாள். அதற்குள் முதுகு திரும்பிவிட்டது.

"அடடே, சம்பந்தி!"

"வாங்க சம்பந்தி, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கோம். நீங்க எங்க இங்க?"

"சும்மா, வீட்டு வரி விஷயமா" என்றாள் ரகக்காரி. வாய் முந்திக்கொண்டது. "நீங்க?"

"நானும் வரிதான். போன வருஷத்து ரசீதுல ஏதோ தப்பா விழுந்திருக்கு."

"ஓ."

"ஆமா."

இரண்டு பேரும் தலைக்கு மேலே தொங்கிய துணியைப் பார்க்காமல் இருப்பதில் மிகவும் கவனமாக இருந்தார்கள்.

"அண்ணன் வேலைக்குப் போறாராமே?" என்றாள் சம்பந்தியம்மா.

"பாய்லரச் சுத்தம் பண்றாரு. வீட்ல இருன்னா கேக்க மாட்டேங்கிறாரு. உங்க வீட்ல?"

"எடைமேடை சேத்துல புதைஞ்சு கெடக்கு. ஆபீஸ் பேப்பர் எல்லாம் நனைஞ்சு போச்சாம், உணத்திக்கிட்டு இருக்காரு."

"சம்பளக் கணக்கெல்லாம்?"

"அதெல்லாம் வரும். அவசரமில்ல." சம்பந்தியம்மா கழுத்தை நிமிர்த்திக்கொண்டாள். "வேலைய முடிச்சுட்டு நம்ம வீட்டுக்கு வாங்களேன். சாப்பிட்டுப் போலாம்."

"ஐயோ வேண்டாம் சம்பந்தி, இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன். தொண்டை வரைக்கும் நிக்குது."

"அப்பன்னா சரி" என்று சம்பந்தியம்மா உடனே ஒப்புக்கொண்டாள். வழக்கமாக மூன்று தடவையாவது வற்புறுத்துவாள். இன்றைக்கு ஒரு தடவையோடு விட்டுவிட்டாளே, அவ்வளவு அலட்சியமா என்று ரகக்காரிக்குச் சுருக்கென்றது.

வரிசை நகர்ந்தது. கவுண்டரில் இருந்த எழுத்தர் தொண்டை கட்டிப்போன மனிதர். பக்கத்தில் ஒரு வெந்நீர் பாட்டில். ஒவ்வொருவரிடமும் சீட்டை வாங்கிப் பதிவேட்டைப் புரட்டி, குரலைத் தாழ்த்திக்கொள்ளவே தெரியாமல் கேட்டார்.

"நேத்து என்ன சமைச்சீங்க?"

முன்னால் நின்ற ஒரு பெரியவர், "அது... சாப்பிட்டோம் சார்" என்றார்.

"சாப்பிட்டீங்களான்னு நான் கேக்கலையே. என்ன சமைச்சீங்கன்னு கேட்டேன்."

பெரியவர் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"இங்க பாருங்க" என்று எழுத்தர் வரிசைக்கே சேர்த்துச் சொன்னார். "ஊர்ல முக்கால்வாசி வீடு மூணாவது பிரிவுல விழுந்திருக்கு. ஏன்னு பாத்தா எல்லாரும் ஆச்சு ஆச்சுன்னு சொல்லி வெச்சிருக்கீங்க. அந்தப் பொண்ணுகளச் சொல்லியும் குத்தமில்ல. சாப்பிட்டீங்களான்னு கேட்டா நம்ம ஆளுங்க வேற என்ன சொல்லுவாங்க? கேள்விய மாத்துங்கன்னு மேல எழுதிப் போட்டிருக்கேன். மாத்தற வரைக்கும் நீங்க இங்க வாயத் தொறந்து உள்ளதச் சொன்னாத்தான் நான் எழுத முடியும். வேற ஆள் சொன்னா எழுதக் கூடாது. நாலு மணிக்குப் பதிவேட்டக் கட்டி மேல அனுப்பிடுவேன். அப்புறம் என் கையில ஒண்ணுமில்ல."

"ஒண்ணும் சமைக்கல சார்" என்றார் பெரியவர். எழுத்தர் எழுதிக்கொண்டார்.

அடுத்தது சம்பந்தியம்மா.

அவள் கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நொடி பின்னால் திரும்பி ரகக்காரியைப் பார்த்தாள். பிறகு தெளிவாக, சற்று உரக்கவே கேட்டாள்.

"சார், வீட்டு வரி ரசீது திருத்தணும்."

"வரி அஞ்சாவது கவுண்டர்மா. இது வெள்ள மனு. மேல எழுதியிருக்கு பாருங்க."

"அப்படியா? பாக்காம நின்னுட்டேன்." சம்பந்தியம்மா திரும்பினாள். "வர்றேன் சம்பந்தி. பொண்ணு நல்லா இருக்கா, கவலைப்படாதீங்க."

கடந்து போகும்போது அவளுடைய வலது கை உடம்போடு ஒட்டி இறுக மூடியிருந்தது. விரல் இடுக்கில் ஒரு ஓரம் மட்டும் தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் அது வெறும் காகிதம். ரகக்காரிக்கு அப்படியில்லை. வரி ரசீது வெள்ளை, கெட்டித் தாள், மடித்தால் விறைத்து நிற்கும். இது மெல்லியது. வேர்வையில் தொய்ந்து விரலோடு ஒட்டுகிற மஞ்சள். மூன்று நகல் எடுக்கும் கட்டின் கடைசித் தாள். இதே ரகம்தான் தன் ரவிக்கைக்குள்ளும் ஈரமாகி ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு மணி நேரம் வெயிலிலும் வரிசையிலும் நின்றுவிட்டு, முறை வந்ததும் சம்பந்தி ஒருத்தி பின்னால் நிற்கிறாள் என்பதற்காக அதைக் கசக்கிக்கொண்டு போகிறாள்.

மகள் தினமும் சொல்கிற ஆச்சு இப்போது ரகக்காரியின் காதில் வேறு மாதிரி கேட்டது. தானும் அதையேதானே அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்? கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். என் பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டுத்தான் காற்றோட்டம் பேசினாயா என்று ஒரு பக்கம். இவளும் என்னைப் போலத்தானே என்று ஒரு பக்கம். கூடத்துக் கடிகாரத்தில் மணி மூன்றரை.

"அடுத்தது யாரு? வாங்க" என்றார் எழுத்தர்.

ரகக்காரி எட்டிச் சம்பந்தியம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். மூன்று வருஷத்தில் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. கை சில்லென்று இருந்தது.

"நில்லுங்க சம்பந்தி."

"என்ன இது, விடுங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்." ரகக்காரி மற்றொரு கையால் தன் சீட்டை எடுத்துப் பிரித்துப் பலகையில் வைத்தாள். "நானும் வரிக்கு வரல."

சம்பந்தியம்மா அந்தச் சீட்டைப் பார்த்தாள். எழுத்தர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எழுதுங்க சார்" என்றாள் ரகக்காரி. குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. அவமானத்தில் காது மடல் எரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "நேத்து காலைல மூணு பேருக்கு ஒரு டம்ளர் மாவுல கஞ்சி. அதோட மாவு தீந்துது. இன்னிக்கு அடுப்பே பத்த வைக்கல. எங்க நாத்தனார் சர்க்கரைக்காரங்க, இன்னிக்குக் காலைல மயக்கம் போட்டு விழுந்துட்டாங்க. அன்னிக்குக் கேக்கறப்ப நான் ஆச்சுன்னு சொன்னது பொய். போதுமா?"

"போதும்மா" என்றார் எழுத்தர். எழுதி, முத்திரை குத்தி, ஒரு பச்சைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். "பின்பக்கம் கிடங்குல குடுங்க. இன்னிக்கே குடுத்துடுவாங்க. நாத்தனாருக்கு ஆஸ்பத்திரி வண்டி வேணுமா?"

"வேண்டாம் சார். சாப்பாடு வேணும்." அவள் இன்னும் மணிக்கட்டை விடவில்லை. "இவங்களது ஒண்ணு இருக்கு. அதையும் பாருங்க."

"அவங்கதான் சொல்லணும். நீங்க சொல்லி நான் எழுத முடியாது."

சம்பந்தியம்மா குனிந்து தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்ல விரலைப் பிரித்தாள். சீட்டு உருண்டையாகிக் கிடந்தது. எழுத்தர் அதை எடுத்து மேசைமேல் வைத்து உள்ளங்கையால் தேய்த்து நீவினார். பதிவேட்டில் எண்ணைத் தேடினார்.

"மேட்டுத் தெரு. நாலு பேர். நேத்து என்னம்மா சமைச்சீங்க?"

"கஞ்சி."

"நாலு பேரும் குடிச்சீங்களா?"

சம்பந்தியம்மா பலகையின் விளிம்பைத் தடவினாள்.

"சொல்லுங்கம்மா. மூணு பேரா? ரெண்டு பேரா?"

"ஒருத்தர்" என்றாள் சம்பந்தியம்மா.

எழுத்தரின் பேனா நின்றது. "ஒருத்தரா? யாரு?"

"மருமக."

ரகக்காரியின் பிடி தானாகத் தளர்ந்தது.

"ஒரு ஆளுக்குத்தான் மாவு இருந்துச்சு" என்றாள் சம்பந்தியம்மா. எழுத்தரைப் பார்த்துத்தான் சொன்னாள், பக்கத்தில் பார்க்கவில்லை. "நாங்க மூணு பேரும் முன்னாடியே சாப்பிட்டாச்சுன்னு அவகிட்ட சொல்லிட்டோம். முந்தாநாளும் அப்படித்தான். எங்க வீட்டுக்காரரு ஆபீஸ்ல குடுத்தாங்கம்பாரு, பையன் வெளிய சாப்பிட்டேம்பான், நான் சமைக்கும்போதே வயிறு நெறஞ்சிடுச்சும்பேன். அவ வந்து வாழற வீட்ல அவ பட்டினி கெடந்தான்னு பேரு வரக் கூடாதில்ல."

எழுத்தர் எழுதினார். எழுதி முடிக்க வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார். முத்திரை குத்தினார். பச்சைச் சீட்டை நீட்டினார்.

ரகக்காரி நின்ற இடத்திலேயே நின்றாள். மூன்று வருஷமாக இந்த மனுஷியைப் பற்றித் தையல்காரியிடம், நாத்தனாரிடம், கொட்டகையில் பக்கத்தில் உட்காருகிறவளிடம் பேசிய பேச்செல்லாம் ஒன்றொன்றாக நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. சற்று முன் எல்லார் முன்னாலும் சாப்பிடவில்லை என்று சொன்னபோது பட்ட வெட்கம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

சம்பந்தியம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் பச்சைச் சீட்டைப் பிடித்தபடி கிடங்குப் பக்கம் நடந்தாள். நாலடி போய் நின்று திரும்பினாள்.

"சம்பந்தி."

"சொல்லுங்க."

"உங்க பொண்ணுகிட்ட இதச் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா அவ தட்டுல கை வைக்க மாட்டா."

ரகக்காரி தலையை மட்டும் ஆட்டினாள்.